லூகா பச்சோலியின் தெய்விக விகிதம்

1509ஆம் ஆண்டில், கீழ்த்திசைச் சரக்குகளாலும் அச்சிட்ட புத்தகங்களாலும் ஒருங்கே செல்வம் திரட்டிக்கொண்டிருந்த வெனிஸ் நகரத்தில், பகானினோ பகானினி என்பவருடைய அச்சுக்கூடத்திலிருந்து ‘தெய்விக விகிதம்’ என்னும் கிரந்தமொன்று வெளிவந்தது. அதை இயற்றியவர் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த லூகா பச்சோலி என்னும் துறவி. அதிலுள்ள கனவடிவங்களுக்கு மூலச் சித்திரங்கள் எழுதிக் கொடுத்தவர் லியோனார்டோ டா வின்சி. இன்று பொன் விகிதம் என்று உலகெங்கும் பிரசித்தி பெற்றுள்ள 1.618 என்ற அளவே கிரேக்கக் கோயில்களுக்கும் இத்தாலிய ஓவியங்களுக்கும் அழகளித்த இரகசியமென்றும், அந்த இரகசியத்தை முதன்முதலில் வெளியிட்டது இந்த நூலே என்றும் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். ஆனால் இந்நூல் பிறந்த வரலாற்றையும் அதன் உள்ளடக்கத்தையும் பொறுமையோடு நோக்குகிறவனுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது: சித்திரக்காரனும் சிற்பியும் அந்த விகிதத்தைக் கையாள வேண்டுமென்று லூகா துறவி விதிக்கவில்லை, அவர் அதைத் தெய்விகம் என்று போற்றியதற்குக் காரணங்களே வேறு.

விகிதம் வெனிஸில் பிறந்ததன்று. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட், தம்முடைய ‘மூலங்கள்’ என்னும் க்ஷேத்திரகணித நூலின் ஆறாம் பாகத்தில் அதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறார். ஒரு நேர்கோட்டைச் சமமில்லாத இரண்டு துண்டுகளாக வெட்டும்போது, முழுக்கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் இருக்குமானால், அந்தக் கோடு அவர் கருதிய முறையில் வெட்டப்பட்டதாகும். இவ்வாறு வெட்டுவதில் அவருக்கிருந்த அக்கறை அழகைப் பற்றியதன்று, தேவையைப் பற்றியது. ஐந்து பக்கங்களும் ஐந்து கோணங்களும் சமமான ஐங்கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய வேண்டுமானால் இந்த வெட்டு இன்றியமையாதது. ஏனெனில் அந்த ஐங்கோணத்தின் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் இதுவேயாகும். ஐங்கோணம் அமைந்த பின்னரே, பன்னிரண்டு ஐங்கோணங்கள் கூடிய பன்னிருமுகக் கனவடிவத்தையும், இருபது முக்கோணங்கள் கூடிய இருபதுமுகக் கனவடிவத்தையும் ஒரு கோளத்துக்குள் பொருத்திக் காட்ட இயலும். யூக்ளிடின் நூல் முடிவுறும் பதின்மூன்றாம் பாகம் இந்தக் கனவடிவங்களுக்கே உரியது. அங்கே மனித உடலைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

இந்தச் சாஸ்திரத்தைப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு கையில் எடுத்த லூகா பச்சோலி, 1447ஆம் ஆண்டையொட்டி, மத்திய இத்தாலியில் போர்கோ சான் செபோல்க்ரோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். அதே ஊரில்தான், ஓவியத்தில் மேதையும் கணிதத்தில் அதற்குக் குறையாத நிபுணருமான பியேரோ தெல்லா பிரான்செஸ்கா வாழ்ந்துவந்தார். இளமையில் வெனிஸ் வணிகர் ஒருவருடைய வீட்டில் தங்கி அவர் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்த லூகா, பின்பு துறவு பூண்டு, பெருஜியா முதலாகப் பல நகரங்களில் கணித ஆசிரியராகச் சஞ்சரித்தார். 1494இல் அவர் வெனிஸில் அச்சிட்ட பெருநூல், அதுவரை அறியப்பட்ட எண் கணிதம், இயற்கணிதம், க்ஷேத்திரகணிதம் ஆகியவற்றைச் சாமானிய மக்களின் இத்தாலிய மொழியில் தொகுத்துக் கொடுத்தது. வெனிஸ் வணிகர்கள் கையாண்டுவந்த இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை, பற்றும் வரவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அந்த ஏற்பாட்டை, முதன்முதலாக அச்சில் விளக்கிய பெருமையும் அதற்கே உரியது. நேப்பிள்ஸ் நகரின் கப்போதிமோந்தே கலைக்கூடத்திலுள்ள 1495ஆம் ஆண்டின் சித்திரமொன்றில், துறவியுடை தரித்த லூகா பலகையில் யூக்ளிடின் உருவமொன்றை வரைந்து விளக்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்கருகே, பாதியளவு நீர் நிரம்பிய கண்ணாடிக் கனவடிவமொன்று கயிற்றில் தொங்குகிறது. கணக்குப்பிள்ளைகளுக்குக் குருவாக இருந்தவரின் மனம் எந்தப் பொருளில் லயித்திருந்தது என்பதற்கு அந்தக் கண்ணாடி வடிவமே சாட்சி.

அடுத்த ஆண்டளவில், மிலான் நகரத்துப் பிரபுவான லுதோவிக்கோ ஸ்போர்ஸாவின் அழைப்பை ஏற்று அவர் அந்தச் சபைக்குச் சென்றார். அங்கே லியோனார்டோ டா வின்சி, சாந்தா மரியா தெல்லே கிராத்ஸியே மடத்தின் போஜனசாலைச் சுவரில், ஏசு தம் சீடர்களுடன் உண்ட கடைசி இராவிருந்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். லத்தீன் பாடசாலைக் கல்வியை முறையாகப் பெறாதிருந்த லியோனார்டோவுக்கு யூக்ளிடைக் கற்பிக்க ஓர் ஆசான் வேண்டியிருந்தது. எண்ணத்தில் மட்டும் நிலவிய கனவடிவங்களைக் கண்ணுக்குக் கொண்டுவர லூகாவுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. இந்த இரண்டு தேவைகளும் சந்தித்ததன் பயனாக ஏறத்தாழ 60 சித்திரங்கள் உருவாயின. ஒவ்வொரு கனவடிவத்தையும் முதலில் முகங்கள் மூடிய திடப்பொருளாகவும், அடுத்து விளிம்புச் சட்டங்கள் மட்டும் எஞ்சிய கூடாகவும் எழுதிய முறை, அந்தச் சித்திரங்களின் தனிச்சிறப்பு. முன்பக்கத்துச் சட்டங்களின் ஊடே பின்பக்கத்துச் சட்டங்களும் தெரிவதால், பார்ப்பவன் ஒரே நோக்கில் எல்லா முனைகளையும் எண்ணிவிடலாம். ஆயிரம் சொற்களால் விளக்கினும் மயங்கக்கூடிய ஓர் அமைப்பு அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது.

1498இல் முடிவுற்ற இந்நூல் கையெழுத்துப் பிரதிகளாகப் பெரியோர் சிலருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று இன்று மிலானிலும் மற்றொன்று ஜெனீவாவிலும் பாதுகாக்கப்படுகின்றன. மறு ஆண்டே பிரெஞ்சுப் படை மிலானைக் கைப்பற்ற, ஆதரித்த பிரபு அரசிழந்தார். துறவியும் ஓவியரும் ஒன்றாகவே அந்நகரை விட்டு வெளியேறினர். பத்தாண்டுகளுக்குப் பிறகே நூல் அச்சேறிற்று. லியோனார்டோவின் சித்திரங்கள் மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டு அதில் இடம்பெற்றன.

நூலின் முதற்பகுதியில் லூகா, தாம் கொண்டாடும் விகிதத்துக்குத் தெய்விகம் என்ற அடைமொழி ஏன் தகும் என்பதற்கு ஐந்து காரணங்கள் கூறுகிறார். கடவுள் ஒருவரே என்பதுபோல் இந்த விகிதமும் ஒன்றே, இதற்கு வகைகள் இல்லை என்பது முதற்காரணம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவரில் ஒரே வஸ்து விளங்குவதுபோல, முழுக்கோடு, பெருந்துண்டு, சிறுதுண்டு என்னும் மூன்றில் ஒரே விகிதம் விளங்குகிறது என்பது இரண்டாவது. கடவுளைச் சொல்லால் வரையறுக்க இயலாததுபோல, இதனை எந்த முழு எண்ணாலும் பின்னத்தாலும் சொல்லி முடிக்க இயலாது என்பது மூன்றாவது. கோடு நீண்டதாயினும் குறுகியதாயினும் விகிதம் மாறுவதில்லை. கடவுளும் மாறாதவர் என்பது நான்காவது. நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு பூதங்களுக்கும் நான்கு கனவடிவங்களை வகுத்து, எஞ்சிய பன்னிருமுக வடிவத்தைப் பிரபஞ்சம் முழுமைக்கும் உரியதாகப் பிளேட்டோ கூறியிருக்கிறார். நமது ஆகாசத்தை நினைவூட்டும் அந்த ஐந்தாம் தத்துவத்தின் வடிவம் இந்த விகிதமின்றி அமையாது என்பது ஐந்தாவது காரணம். பின்பு அவர் விகிதத்தின் விளைவுகளாகப் பதின்மூன்றை எடுத்து விளக்கி, ஏசுவும் அவருடைய பன்னிரு சீடரும் சேர்ந்த தொகையை முன்னிட்டு அந்த எண்ணிக்கையிலேயே நிறுத்திக்கொள்கிறார்.

இந்தக் காரணங்களை இக்காலத்துக் கணித ஆசிரியன் புன்முறுவலோடு கடந்துசெல்லக் கூடும். ஆயினும் ஐந்தையும் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் ஒன்றேனும் கண்ணுக்கு இனிமை என்பதைப் பற்றியதன்று. வியப்புக்கு உரியது அந்த விகிதம் கணிதத்தில் நிகழ்த்தும் காரியமேயொழிய, அது சித்திரத்துக்குத் தரும் கவர்ச்சி அன்று.

கலையைப் பற்றி லூகாவுக்குச் சொல்லவேண்டியிருந்தது இரண்டாம் பகுதியில் இருக்கிறது. கட்டிடக் கலைஞர்களுக்காக எழுதிய அந்தப் பகுதியில் அவர் பின்பற்றுவது பழைய ரோமாபுரிச் சிற்பாசாரியரான விட்ருவியஸையே. நாடியிலிருந்து நெற்றியின் மயிரோரம் வரையிலான முகம் உடலுயரத்தில் பத்தில் ஒரு பங்கு, பாதம் ஆறில் ஒரு பங்கு, முழங்கை நாலில் ஒரு பங்கு என்று விட்ருவியஸ் வகுத்த அளவுகள் எல்லாம் எளிய பின்னங்கள். தச்சனும் கொத்தனும் கயிற்றை மடித்தே கண்டுகொள்ளக் கூடியவை. லத்தீன் பேரெழுத்துகளைச் சதுரத்துக்குள்ளும் வட்டத்துக்குள்ளும் அமைத்து வரையக் கற்பிக்கும் பக்கங்களில்கூட, தடித்த கோட்டின் அகலம் எழுத்துயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு என்பதே அவர் விதி. சொல்லி முடியாத ஒரு விகிதத்தைத் தொழிலாளியின் கையில் கொடுப்பதில் பயனில்லை என்பது, வணிகர் கணக்கோடு வளர்ந்த அந்தத் துறவிக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாம் பகுதியைப் பற்றி ஒரு பழி நிலவுகிறது. ஐந்து கனவடிவங்களைக் குறித்து அதில் காணப்படும் ஆராய்ச்சி, 1492இல் காலமான பியேரோ தெல்லா பிரான்செஸ்கா லத்தீனில் எழுதியிருந்த நூலின் இத்தாலிய மொழிபெயர்ப்பு. மூல ஆசிரியரின் பெயரை லூகா அங்கே குறிப்பிடவில்லை. 1550இல் கலைஞர்களின் சரித்திரத்தை எழுதிய வஸாரி, ஆசானின் உழைப்பைச் சீடன் அபகரித்தான் என்று கடுமையாகவே சாடினார். பியேரோவின் மூலப்பிரதி பிற்காலத்தில் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு ஒப்புநோக்கப்பட்டதில், வஸாரியின் குற்றச்சாட்டு ஆதாரமற்றதன்று என்பது உறுதியாயிற்று. எனினும், அந்த அச்சுநூல் இல்லாதிருந்தால் பியேரோவின் கணிதம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு நூலகத்துக்குள் உறங்கியிருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

லூகாவுக்குப் பின் விகிதத்தின் கதை இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று எண்களின் வழி. 1, 2, 3, 5, 8, 13 என்று, முன்னிரண்டின் கூட்டுத்தொகையே அடுத்த எண்ணாக வளரும் வரிசையைப் பீஸா நகரத்து லியோனார்டோ, 1202இல் எழுதிய தம் நூலில் முயல்களின் பெருக்கத்தைக் கணக்கிடும் விநோதக் கேள்வியாக வைத்தார். பிபொனாச்சி வரிசை என்று இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது. அதற்கு அரைநூற்றாண்டுக்கு முன்னரே, கூர்ஜர தேசத்தில் வாழ்ந்த சமணப் பேராசிரியர் ஹேமசந்திரர், யாப்பிலக்கணத்தின் பொருட்டு இதே வரிசையைக் கூறியிருக்கிறார். அவருக்கும் முற்பட்ட விரகாங்கர் முதலியோர் இதை அறிந்திருந்தனர். லகு ஒரு மாத்திரை, குரு இரண்டு மாத்திரை என்று கொண்டால், நான்கு மாத்திரை நிரம்பும் சந்தங்கள் எத்தனை என்பது கேள்வி; ஒவ்வொரு சந்தமும் லகுவிலோ குருவிலோ முடிந்தாக வேண்டுமாதலால், மூன்று மாத்திரைக்குரிய 3 சந்தங்களோடு லகுவையும் இரண்டு மாத்திரைக்குரிய 2 சந்தங்களோடு குருவையும் சேர்த்து, 5 என்பது விடை. இந்த வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களின் விகிதம் மேலேறமேலேற யூக்ளிடின் விகிதத்தை நெருங்குகிறது என்பதைக் கண்டு 1611இல் எழுதியவர் வானநூல் வல்லவரான கெப்ளர். அவரும் இவ்விகிதத்தின் பக்தரே. பித்தாகரஸின் தேற்றத்தையும் இவ்விகிதத்தையும் க்ஷேத்திரகணிதத்தின் இரு நிதிகளாகக் கருதிய அவர், பொன்னுக்கு ஒப்பிட்டது தேற்றத்தைத்தான். விகிதத்தை ஒப்பிட்டது இரத்தினத்துக்கு.

மற்றொரு கிளை அழகின் வழி. அது தளிர்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில். 1835இல் மார்ட்டின் ஓம் என்னும் கணித ஆசிரியர் தம் பாடநூலில் பொன் வெட்டு என்ற பெயரை எடுத்தாண்டார். 1854இல் அடால்ப் ட்ஸைஸிங் என்பவர் மனித உடலின் விகிதங்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டு, தொப்புள் உடலுயரத்தை இந்த விகிதத்திலேயே பிரிக்கிறது என்றும், செடிகொடிகளிலும் கட்டிடங்களிலும் இசையிலும் இதுவே அழகின் சர்வப் பொதுவான நியதி என்றும் பிரகடனம் செய்தார். இயற்கை விதிகள் ஒவ்வொன்றாகக் கணிதத்துக்கு வசப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அழகுக்கும் ஒரு விதி கிடைத்துவிட்டது என்ற செய்தியை அறிஞர் பலர் ஆவலோடு வரவேற்றதில் வியப்பில்லை. 1876இல் குஸ்தாவ் ஃபெக்னர், வெவ்வேறு விகிதங்களில் அமைந்த பத்து நீள்சதுர அட்டைகளைப் பலர்முன் பரப்பி, எது மிகவும் பிடிக்கிறது என்று கேட்டதில், ஏறத்தாழ 35 சதவிகிதத்தினர் பொன் விகித அட்டையைத் தேர்ந்தெடுத்ததாக எழுதினார். அதே சோதனையைப் பின்னர்ச் செய்து பார்த்தவர்கள் எல்லாரும் அதே விடையைப் பெறவில்லை.

அப்பால் விகிதத்தின் கீர்த்தி நிற்கவில்லை. ருமேனியரான மதிலா கீக்கா 1931இல் பிரெஞ்சில் எழுதிய ‘பொன் எண்’ என்னும் நூல் கலைஞர்களிடையே பெருஞ்செல்வாக்கு அடைந்தது. கட்டிடக் கலைஞர் லெ கொர்புஸியே, கையை உயர்த்தி நிற்கும் மனிதனின் 226 சென்டிமீட்டரையும், அவன் தலையுச்சியின் 183 சென்டிமீட்டரையும் ஆதாரமாக்கி, பொன் விகிதத்தில் ஏறியிறங்கும் ‘மாடுலர்’ என்ற அளவுமுறையை வகுத்தார். 1955இல் சால்வதோர் டாலி இராவிருந்தை மீண்டும் தீட்டியபோது, ஏசுவுக்குப் பின்னே மாபெரும் பன்னிருமுகக் கனவடிவமொன்றை வானத்தில் எழுப்பி, 267 சென்டிமீட்டர் நீளமும் 166.7 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட திரையையே ஏறத்தாழ அந்த விகிதத்துக்கு அமைத்தார். இவர்கள் அறிந்தே கையாண்டவர்கள். இவர்களைப் பற்றிச் சர்ச்சையில்லை.

சர்ச்சை, அறியாதவர்கள்மீதும் இந்த விகிதத்தை ஏற்றுவதில் இருக்கிறது. ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலின் அடித்தளம் 69.5 மீட்டர் நீளமும் 30.9 மீட்டர் அகலமும் உடையது. ஒன்பதுக்கு நான்கு என்ற எளிய விகிதம் அதில் தெளிவாகத் தெரிகிறது. முகப்பில் பொன் விகிதத்தைக் காண்பவர்கள், அளவுநூலை எந்தப் படியில் தொடங்கி எந்த முனையில் முடிப்பது என்பதைத் தங்கள் விருப்பப்படி தீர்மானித்துக்கொள்கிறார்கள். எகிப்தின் பெரிய பிரமிடில், பக்கத்துச் சரிவின் நீளத்தை அடிப்பக்கத்தின் பாதியால் வகுத்தால் 1.618க்கு மிக அருகில் வருவது மெய்யே. ஆனால் அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம் என்று, அந்நாட்டுத் தச்சர்கள் வழக்கமாகக் கையாண்ட சரிவுக் கணக்கின்படி கட்டியதாலேயே அந்த அளவு தானாக விளைகிறது. நாட்டிலஸ் என்னும் கடற்சிப்பியின் சுருள் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு விரிகிறது. பொன் விகிதச் சுருளோ ஒரு சுற்றுக்கு ஏழு மடங்கை நெருங்கி விரியவேண்டியது. படங்களில் இரண்டும் ஒன்றாகக் காட்டப்படுவது வழக்கமாகிவிட்டதேயன்றி, சிப்பி அதற்கு உடன்படவில்லை.

இவ்வளவும் கழித்த பின்னும், இயற்கையில் இந்த விகிதத்துக்கு மறுக்கமுடியாத ஓர் இருப்பிடம் எஞ்சுகிறது. சூரியகாந்திப் பூவின் நடுத்தட்டில் விதைகள் இருதிசையிலும் சுழித்துச் செல்லும் சுருள்களை எண்ணினால் 34, 55 என்றோ 55, 89 என்றோ பெரும்பாலும் அமைகின்றன. தேவதாரு இனத்து மரங்களின் கூம்புகளில் 8, 13 என்பது சாதாரணம். 1837இல் பிரான்சைச் சேர்ந்த பிராவே சகோதரர்கள் இதன் காரணத்தைக் கோணத்தில் தேடினர். தண்டின் நுனியில் ஓர் அரும்புக்குப் பின் அடுத்த அரும்பு, சுற்றளவில் ஏறத்தாழ 137.5 பாகை தள்ளித் தோன்றுகிறது. வட்டத்தைப் பொன் விகிதத்தில் வெட்டினால் கிடைக்கும் சிறுதுண்டின் கோணம் அது. பாகை 120ஆக இருந்தால் நான்காம் அரும்பு முதல் அரும்பின் நேர்மேலே வந்து நிற்கும். வேறெந்த எளிய பின்னமாயினும் சில சுற்றுகளில் அரும்புகள் வரிசை வரிசையாகச் சேர்ந்து நெருங்க, இடையிலுள்ள இடம் வீணாகும். எளிய பின்னங்களால் எவ்வளவு முயன்றும் நன்கு அணுகமுடியாத எண் எதுவோ அதுவே இந்த வீணைத் தவிர்க்க வல்லது. எல்லா எண்களுக்குள்ளும் அப்படிப் பின்னங்களுக்கு மிகவும் பிடிகொடாதது பொன் விகிதமே என்பதைக் கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிரூபித்தது. 1992இல் துவாதி, கூதேர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள், காந்தத் திரவத்தின் துளிகளை ஒவ்வொன்றாக ஒரு தட்டின் நடுவில் விழச்செய்து, அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு ஓரத்துக்கு நகர விட்டபோது, உயிரேயில்லாத அந்தத் துளிகளும் துரிதமாக விழுந்த நிலையில் இதே கோணத்தில் ஒழுங்குபட்டன. ஒவ்வொரு புதிய அரும்பும் தனக்கு அகப்படும் விசாலமான இடத்தில் தோன்றுவதே போதும். விகிதம் அதன் விளைவாகத் தானே வந்து சேர்கிறது. எல்லாச் செடிகளும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல; எதிரெதிர் இலைவிடும் துளசிக்கு இந்தக் கணக்கு செல்லாது.

லூகா துறவியின் ஐந்து காரணங்களுள் மூன்றாவது இங்கேதான் எதிர்பாராத விதமாக மெய்யாகிறது. பின்னத்தால் சொல்லி முடியாதது என்ற குணத்தை அவர் கடவுளின் அளவிறந்த தன்மைக்கு உவமையாகக் கொண்டார். தாவரமோ அந்தக் குணத்தையே வெளிச்சத்துக்கும் இடத்துக்கும் உரிய உபாயமாகக் கொண்டிருக்கிறது. கலையின் சரித்திரத்தில் இந்த விகிதத்துக்குப் பிறர் கட்டிக்கொடுத்த சிம்மாசனங்கள் அளவுகோல் பட்டவுடன் ஆட்டங்கண்டாலும், யூக்ளிட் அதற்கு அளித்த இடமும் சூரியகாந்தி அதற்கு அளித்த இடமும் அசையவில்லை. அழகை ஓர் எண்ணுக்குள் அடைத்துவிடலாம் என்ற ஆசை ட்ஸைஸிங்கின் காலத்துக்கு உரியது. அதை மிலான் சபையில் கனவடிவங்களை எண்ணிக்கொண்டிருந்த துறவியின் தலையில் சுமத்துவது, அவருக்கும் நியாயமன்று, அவர் போற்றிய கணிதத்துக்கும் நியாயமன்று.